யாருடைய முப்பது மணி?

ஹாலிஃபாக்ஸ்
ஜனவரி 6, 2009

அன்புள்ள டெல்மா,

மூன்று வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நான் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுக்கு நீ ஒரு தடவைகூடப் பதில் போடவில்லை. இதையாவது பிரிப்பாயா என்று தெரியவில்லை. மின்னஞ்சலில் எழுதாததற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் பெட்டியை யார் யார் திறந்து பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். வார்லியின் ஆய்வகத்தில் நான் இருந்தபோது கண்டுபிடித்தது உனக்கு மறந்திருக்காது. அந்த ஒரு மரபணு கெட்டுப்போன வரிக்குதிரை மீன்களின் கருவில், மூளையின் தண்டுச் செல்கள் நரம்புச் செல்களாக மாறாமல் அப்படியே தங்கிவிடுகின்றன. முட்டை கருவுற்று முப்பது மணி நேரத்தில் சாதாரணக் கருவின் பின்மூளையில் பெரும்பகுதி மாறியிருக்கும். என் மீன்களில் மாறவில்லை. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எனக்கு இங்கே வேலை கொடுத்தார்கள், ஆய்வகம் கொடுத்தார்கள்.

இப்போது டென்மார்க்கில் ஒரு குழு அதே மீன்களை வாங்கிச் செய்து பார்த்துவிட்டு, இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்று ஆய்விதழுக்கு எழுதியிருக்கிறது. அன்றைக்குக் கருக்கள் எப்படி வளர்க்கப்பட்டன என்பதற்கு ஆய்விதழ் என்னிடம் ஆதாரம் கேட்கிறது. ஏப்ரல் இருபதாம் தேதி என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய இங்கே குழு கூடுகிறது. இந்தக் கட்டுரை ஆட்டம் கண்டால் நான் போக வேண்டியதுதான்.

மீன் அறையை நடத்துகிறவள் நீ. ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடு. 'எல்லாக் கருக்களும் வழக்கமான முறையில் வளர்க்கப்பட்டன, ஆராயும்போது எல்லாவற்றுக்கும் வயது முப்பது மணி' என்றால் போதும். நம்மிடையே இருக்கும் மனஸ்தாபத்தை இதில் கொண்டுவர மாட்டாய் என்று நம்புகிறேன்.

ஷீனா பீட்டன்


ஆல்டர்ஃபோர்டு, ஓரிகன்
ஜனவரி 15

ஷீனா,

பிரித்தேன். படித்தேன். முடியாது.

முப்பது மணி என்கிறாயே, யாருடைய முப்பது மணி?

மீன் அறையில் நாங்கள் வயது சொல்வது எப்படி என்று நீ வந்த முதல் வாரமே சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டோம். இருபத்தெட்டரை டிகிரித் தண்ணீரில், தட்டுக்கு ஐம்பதுக்கு மேல் போகாமல் வளரும் கரு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வளருமோ, அதுதான் எங்களுக்கு ஒரு மணி. தண்ணீர் குளிர்ந்தால் கரு மெதுவாக வளரும். ஒரே தட்டில் நெருக்கி அடைத்தாலும் மெதுவாகத்தான் வளரும். கண்ணில் கறுப்பு ஏறிவிட்டதா, நெஞ்சோடு ஒட்டியிருந்த தலை எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது, இதையெல்லாம் பார்த்துத்தான் 'இது முப்பது மணிக் கரு' என்போம். கடிகாரத்தில் முப்பது ஆகியிருந்தாலும் கரு இருபத்தாறில் நிற்கலாம்.

இனி என் நோட்டுக்கு வா. 2004 அக்டோபர் 14, வியாழக்கிழமை. தட்டு ஆறு, சாதாரண மீன்கள், 45 முட்டை. தட்டு ஏழு, உன் மரபு மாறிய மீன்கள், 190. அடுத்த இரண்டு வாரமும் இதே கதைதான். உன் மாறிய ஜோடிகள் இளசுகள், வதவதவென்று முட்டை போட்டன. சாதாரண ஜோடிகளுக்கு வயதாகிவிட்டது, நாற்பது போட்டதே பெரிய காரியம். நீ என்ன செய்தாய்? ஒரு ஜோடி போட்டதை அப்படியே ஒரு தட்டில் கொட்டி மூடினாய். மறுநாள் கடிகாரத்தைப் பார்த்து எடுத்துப்போனாய்.

உன் கட்டுரையில் இரண்டாவது படத்தை எடுத்துப் பார். சாதாரணக் கரு தலையைத் தூக்கிவிட்டது. உன் அதிசயக் கரு இன்னும் குனிந்தே கிடக்கிறது. அது சின்னப் பிள்ளை, அம்மா. சின்னப் பிள்ளையின் மூளையில் தண்டுச் செல் அதிகமாகத்தான் இருக்கும். அதற்கு மரபணு கெட வேண்டியதில்லை.

நீ கேட்ட ஒரு பக்கத்தை நான் எழுத மாட்டேன். வேறு ஏதாவது கேள்.

டெல்மா


ஹாலிஃபாக்ஸ்
ஜனவரி 26

டெல்மா,

உன் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பதினொரு வாரம் அந்தச் செல்களை ஒவ்வொன்றாக எண்ணியவள் நான். நானூற்றுச் சொச்சம் மூளைகள். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதம் பட்டை போட்டுக்கொண்டு அலைந்தேன். நீ பார்த்தாய். இன்றைக்கு ஒரு நோட்டைப் புரட்டிவிட்டு, தட்டில் கூட்டம் அதிகம், ஆகவே எல்லாம் பொய் என்கிறாய். கூட்டத்தால் ஓரிரு மணி நேரம் பின்தங்கலாம். அதற்காக இவ்வளவு பெரிய வித்தியாசமா? ஒரு படத்தில் ஒரு கருவின் தலையைப் பார்த்து நீ தீர்ப்பு எழுதுகிறாய்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இது உனக்கு எப்போது தெரியும்? அந்த நோட்டு நான்கு வருடமாக உன் அலமாரியில்தானே இருந்தது?

நான் பின்வாங்கப் போவதில்லை. அந்த முடிவு என்னுடையது, அதற்காக நிற்பேன். வார்லிக்கு எழுதியிருக்கிறேன். ஆய்வகத்தின் தலைவர் அவர். அந்தப் பக்கத்தை உன்னிடமிருந்து வாங்கித் தருவது அவர் பொறுப்பு.

ஷீனா


ஆல்டர்ஃபோர்டு
பிப்ரவரி 6

ஷீனா,

வந்தார் உன் வார்லி. பதினெட்டு வருடத்தில் அந்த மனுஷர் மீன் அறைக்குள் கால் வைத்தது இது மூன்றாவது தடவை. வாசலில் செருப்பைக் கிருமிநாசினியில் நனைக்கும் தட்டில்கூட மிதிக்காமல் நேரே உள்ளே வந்தார். கையில் தட்டச்சு செய்த தாள்.

"டெல்மா, இதுல ஒரு கையெழுத்து. ரெண்டு நிமிஷ வேலை."

படித்துப் பார்த்தேன். நீ கேட்டதேதான், இன்னும் கொஞ்சம் பாலிஷ் போட்டு.

"ரெண்டு நிமிஷ வேலைதான், ப்ரொபசர். ஆனா இதுல எழுதியிருக்கிறது நடக்கலையே."

"நடக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மீனுக்குத் தீனி போடறவங்க."

"தீனி போடறவதான் முட்டையையும் எண்றா. நோட்டுல இருக்கு."

"அந்த நோட்டைக் குடுங்க."

"எதுக்கு?"

"அது துறையோட சொத்து."

"அப்போ துறையைக் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் இருக்கும்போது, கையெழுத்து வாங்கிட்டுத் தரேன்."

காது வரைக்கும் சிவந்து போயிற்று அவருக்கு. மீன்கள்கூட எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. போகும்போது மெதுவான குரலில், "ஷீனாவோட வாழ்க்கை உங்க கையில இருக்கு, நினைச்சுப் பாருங்க" என்றார். நினைத்துப் பார்த்தேன். என் பதில் மாறவில்லை.

திங்கட்கிழமை ஒரு தாள் வந்தது. மறு உத்தரவு வரும்வரை நான் மூன்றாவது மாடியில் கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டுமாம். மீன் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கழுவுகிறேன். பீக்கர்கள் பளபளவென்று இருக்கின்றன, குறை சொல்ல முடியாது. என் மீன்களுக்கு இப்போது யாரோ காலையில் பத்து மணிக்குத்தான் ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் தடுப்பை எடுக்கிறார்கள். விளக்கு எரிந்த அரை மணியில் முட்டை போடும் ஜாதி அது. இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நோட்டின் அந்த மூன்று வாரப் பக்கங்களை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எப்போது தெரியும் என்று கேட்டாய். உன் கடிதம் வந்த பிறகு புரட்டினேன்.

என்னோடு மல்லுக்கு நிற்காதே. உன்னிடம் மீன் இருக்கிறது, தட்டு இருக்கிறது, பட்டை போட்ட கழுத்தும் இருக்கிறது. ஐம்பது ஐம்பதாகப் பிரித்துப் போட்டு, நீயே எண்ணிப் பார். தைரியம் இருந்தால்.

டெல்மா


ஹாலிஃபாக்ஸ்
பிப்ரவரி 16

டெல்மா,

உன்னைப் பாத்திரம் கழுவ அனுப்பும்படி நான் யாரிடமும் கேட்கவில்லை. அதை நீ நம்ப வேண்டும். மற்றபடி நீ சொன்ன சோதனையைச் செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை. ஒருமுறை செய்து, மூவர் சரிபார்த்து, அச்சில் வந்த ஒன்றை, ஒரு கடிதத்துக்குப் பயந்து மறுபடி செய்தால்

பிப்ரவரி 27

மேலே இருப்பதை அன்றைக்கு அனுப்பவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. நான் எப்படிப்பட்டவள் என்று நீயும் பார்த்துக்கொள்.

செய்தேன். இரண்டு வகையிலும் தட்டுக்கு ஐம்பது. தலை நிமிர்ந்த அளவைப் பார்த்து, ஒரே வயது என்று தெரிந்தவற்றை மட்டும் எடுத்தேன். எது எந்தத் தட்டு என்று எனக்கே தெரியக்கூடாது என்பதற்காகச் தட்டுகளின் பெயர்ச் சீட்டுகள் மேல் டேப் ஒட்டிவிட்டு எண்ணினேன். சாயம் ஏற்றிய தண்டுச் செல்கள், பச்சையாக ஒளிரும் புள்ளிகள். எண்ணி எண்ணிக் கண் பூத்துப் போயிற்று. டேப்பை உரித்துப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் சாதாரண மீன்களின் முட்டையாகப் பொறுக்கி, ஒரு கெடுதலும் இல்லாத நூற்றித்தொண்ணூறு கருக்களை ஒரே தட்டில் போட்டேன். கடிகாரத்தில் முப்பது மணி ஆனதும் எடுத்துப் பார்த்தேன். என் கட்டுரையின் இரண்டாவது படம் அப்படியே என் முன்னால் இருந்தது. நான்கு வருடமாக மேடை மேடையாக நான் காட்டிய படத்தை எந்த மாற்றமும் இல்லாத மீன்கள் வரைந்து கொடுத்துவிட்டன. ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வார்லிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"ஏப்ரல் இருபது வரைக்கும் வாயை மூடிட்டு இரு" என்றார். "நிரந்தரமாகட்டும். அப்புறம் மெதுவா ஒரு திருத்தம் போடலாம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எல்லாரும் யாரு? பேர் சொல்லுங்க" என்றேன்.

"ஷீனா, நீ குழந்தை இல்ல."

"இல்ல. அதனாலதான் கட்டுரையை இப்பவே திரும்ப வாங்கிக்கறேன்."

"கட்டுரையில என் பேரும் இருக்கு. என் கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது."

"நடக்கும். 'இவர் சம்மதிக்கவில்லை'ன்னு உங்க பேருக்குப் பக்கத்துல அச்சடிப்பாங்க. பரவாயில்லையா?"

போனை வைத்துவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நேற்று ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். என் குழுவுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஏப்ரலில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் வாயால் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. போகட்டும். பொய்யின் மேல் நாற்காலி போட்டு உட்கார எனக்குத் தெரியாது.

திரும்பப் பெறும் அறிவிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'இந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் மீன் அறைப் பொறுப்பாளர் டெல்மா ஸ்டெக்லர்.' அதைக் காட்டி உன் சாவியைத் திருப்பிக் கேள்.

ஷீனா


ஆல்டர்ஃபோர்டு
மார்ச் 9

ஷீனா,

அந்த வரியை எடு. இன்றைக்கே எடு.

நான்கு தடவை இந்தக் கடிதத்தை ஆரம்பித்துவிட்டேன். பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு இருந்துவிடலாம் என்றும் ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நீ கிழிக்காமல் அனுப்பினாயே அந்தப் பாதிக் கடிதம், அதுதான் என்னை உட்கார வைத்தது.

உன் கடிதம் வந்த பிறகு நோட்டைப் புரட்டினேன் என்று எழுதினேன். புரட்டினேன்தான். ஆனால் அப்போதுதான் முதன்முதலாகத் தெரிந்த விஷயம் இல்லை அது. அந்த அக்டோபர் வியாழக்கிழமை காலையிலேயே தெரியும். தட்டு ஏழை எண்ணும்போதே 'இது என்ன கண்றாவி, இவ்வளவு நெரிசல்' என்று நினைத்தேன். நூற்றித்தொண்ணூறு என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தேன். நகலில் அந்தக் கோடுகளை நீ பார்த்திருப்பாய். நான்கு தட்டாகப் பிரிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல அரை நிமிஷம்.

சொல்லவில்லை. முந்தின செவ்வாய்க்கிழமை எல்லோர் முன்னாலும் நீ என்னிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? தண்ணீர் சூட்டைப் பற்றி நான் ஏதோ வாயெடுத்தேன். "டெல்மா, மீனைப் பாத்துக்கறது உன் வேலை, யோசிக்கிறது என் வேலை" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சரி, யோசித்துக்கொள் என்று வாயைப் பூட்டிக்கொண்டேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் உன்னைத் தவிக்கவிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் வார்லி உன் முடிவைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். பிறகு சொல்வதற்கு வெட்கமாகிவிட்டது. கட்டுரை வந்த அன்று கேக் வெட்டினீர்கள். எனக்குத்தான் பெரிய துண்டு கொடுத்தாய், நன்றி சொன்ன இடத்தில் என் பெயரும் இருக்கிறது என்று காட்டினாய். தின்றேன். உன் வாழ்த்து அட்டைகளுக்குப் பதில் போடாததற்கு அந்தக் கேக்தான் காரணம், உன்மேல் இருந்த கோபம் இல்லை.

வார்லியிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசியதை வீரம் என்று நினைத்துவிடாதே. ஒரு தடவை அந்த நோட்டுக்குத் துரோகம் செய்தாகிவிட்டது, இரண்டாவது தடவை செய்யக்கூடாது என்றிருந்தேன். அவ்வளவுதான்.

கண்டுபிடித்தவள் என்று என்னைப் போட்டால், அதுவும் பொய்க் கட்டுரைதான். என் சாவியைப் பற்றி நீ கவலைப்படாதே.

டெல்மா


ஹாலிஃபாக்ஸ்
மார்ச் 19

டெல்மா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். கையில் இருந்த கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். நல்ல கிண்ணம்.

நான்கு வருடம். பதினொரு வாரம் நான் அந்த மூளைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது நீ பக்கத்து அறையில் இருந்தாய். கழுத்துக்கு வெந்நீர்ப் பை கொண்டுவந்து கொடுத்ததும் நீதான். அதைக் கொடுக்கும்போதுகூட உனக்கு வாய் வரவில்லையா? நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அதற்கு நீ என் வாழ்க்கையை எடுத்துக்கொண்டாய். இரண்டும் ஒரே எடையா என்று நீயே சொல்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ கேட்பதற்கு முன்பே நினைவிருந்தது. சொன்ன மறு நிமிஷமே தப்பு என்று தெரிந்தது, நீ சிரித்ததால் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். தட்டு ஏழின் மூடியைத் திறந்தபோது புழுக் குவியல் மாதிரி இருந்தது எனக்கும் தெரிந்ததுதான். அதை ஒரு வினாடி நின்று பார்த்திருந்தால் போதும். யோசிக்கிறது என் வேலை என்று சொல்லிவிட்டு அந்த வேலையையும் நான் செய்யவில்லை.

அறிவிப்பை மாற்றி எழுதிவிட்டேன். ஆய்விதழ்க்காரர்கள், "இப்படியெல்லாம் அச்சடிக்கிற வழக்கம் இல்லை. 'வளர்ப்பு முறையில் பிழை'ன்னு போட்டா போதும்" என்றார்கள். "அந்தப் பிழை தானா நடக்கல. இப்படியே அச்சிடுங்க, இல்லைன்னா நானே இணையத்துல போட்டுடுவேன்" என்றேன். இறங்கி வந்துவிட்டார்கள்.

மாற்றிய பகுதி இதுதான்:

'ஒரு தட்டில் கருக்கள் நெரிசலாக இருந்தன. அதனால் மெதுவாக வளர்ந்தன. அதை மரபணுவின் விளைவு என்று தவறாக எழுதினோம். நெரிசலை ஒருவர் பார்த்தார், சொல்லவில்லை. இன்னொருவர் பார்க்க வேண்டியவர், பார்க்கவில்லை.'

இதன் கீழே இரண்டு கையெழுத்து வேண்டும். இதைப் பார்த்ததும் வார்லி உன்னை வேலையிலிருந்தே தூக்கலாம். தெரிந்துதான் அனுப்புகிறேன். என்னையும் ஆகஸ்டோடு அனுப்பிவிடுவார்கள் என்று கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது. மன்னிப்பு கேட்காதே, இப்போது கொடுக்க என்னிடம் இல்லை. நானும் உன்னிடம் கேட்கப் போவதில்லை. கையெழுத்துப் போடுவாயா, மாட்டாயா?

ஷீனா


ஆல்டர்ஃபோர்டு
மார்ச் 30

ஷீனா,

போட்டுவிட்டேன். தாள் உள்ளே இருக்கிறது. ஒரு நகலை வார்லியின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன், ஈரக் கையோடு. "இது என்ன?" என்றார். "நீங்க கேட்ட கையெழுத்து, ப்ரொபசர். தாள் மட்டும் வேற" என்று சொல்லிவிட்டுக் கழுவப் போய்விட்டேன்.

தாளில் ஒரு இடத்தில் கை வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒருவர், இன்னொருவர் என்று எழுதியிருந்தாய். ஊரில் ஆயிரம் ஒருவர் இருக்கிறார்கள். முதல் 'ஒருவர்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, அதன் மேல் டெல்மா ஸ்டெக்லர் என்று எழுதியிருக்கிறேன்.

'இன்னொருவர்' என்பதை நான் தொடவில்லை. அதை நீ அடி.

டெல்மா